துணி வணிகர் கண்ட நுண்ணுயிர் உலகம்

ஒருவர் தம் வாழ்நாளில் ஆற்றத்தக்க பெருஞ்செயல் எதுவாயினும், அதனை இளமையிலேயே தொடங்கியிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பள்ளியில் முதன்மை பெறாதவரும், உரிய வயதில் உயர்ந்த பணியில் அமராதவரும், இனித் தமக்கு உயர்வில்லை எனத் தாமே முடிவு கட்டிக்கொள்கின்றனர். நம் குடும்பங்களிலும் நாற்பது வயது கடந்தோர் பலர், பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் நீங்கலாகத் தமக்கெனக் கற்பதற்கும் தேடுவதற்கும் ஒன்றும் எஞ்சவில்லை என்று கருதி ஓய்ந்துவிடுவதைக் காண்கிறோம். அவ்வாறு கருதுவோர் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதியாதவர். தாய்மொழியன்றிப் பிறமொழி அறியாதவர். நாற்பதாம் வயது வரையில் தம் ஊருக்கு வெளியே எவராலும் அறியப்படாத துணி வணிகர். அவரே பிற்காலத்தில் நுண்ணுயிரியலின் தந்தை என உலகம் போற்றும் ஆண்டனி வான் லீவன்ஹூக் ஆவார்.

நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் 1632 ஆம் ஆண்டு அக்டோபர் 24 ஆம் நாள் இவர் பிறந்தார். கால்வாய்களும் வணிகமும் மிக்க ஊர் அது. ஓவியத்தால் உலகப் புகழ் எய்திய வெர்மீர், அதே ஆண்டு அதே மாதத்தின் இறுதியில் அந்நகரில் திருமுழுக்குப் பெற்றவர். லீவன்ஹூக்கின் தந்தையார் கூடை முடையும் தொழிலினர். மகனுக்கு ஆறு வயது நிறைவதற்கு முன்பே அவர் காலமானார். அன்னையார் மறுமணம் செய்துகொண்டார். சிறுவர் வேற்றூர்ப் பள்ளிக்கு அனுப்பப்பெற்றார். பின்னர்ச் சிறிது காலம் மாமன் வீட்டில் வளர்ந்தார். இவ்வாறு இடம் மாறி இடம் மாறி வளர்ந்த பிள்ளைக்கு, அக்காலத்து அறிஞர் மொழியாகிய இலத்தீனைக் கற்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. ஐரோப்பாவில் அன்று இலத்தீன் அறியாதவர் எவ்வளவு நுண்ணறிவினராயினும் கற்றோர் அவையில் இடம்பெறுதல் அரிது.

பதினாறாம் வயதில், 1648 இல், ஆம்ஸ்டர்டாம் நகரின் துணிக்கடை ஒன்றில் தொழில் பயிலச் சேர்ந்தார். கணக்கெழுதவும் துணியின் தரம் காணவும் அங்குக் கற்றார். துணியின் தரம் அறிய வேண்டுமாயின், குறிப்பிட்ட அளவிற்குள் எத்தனை இழைகள் ஓடுகின்றன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்கென வணிகர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்பர். பிற்காலத்தில் கண்ணாடி வில்லையே தம் வாழ்வாகக் கொண்ட இவர், நூலிழைகளைக் கூர்ந்து நோக்கும் பழக்கத்தைத் தொழிற்களத்தில்தான் பெற்றார் எனலாம்.

1654 இல் டெல்ஃப்டுக்குத் திரும்பி மணம் புரிந்துகொண்டு, சொந்தமாக ஜவுளிக்கடை ஒன்றைத் தொடங்கினார். துணி, நாடா, பொத்தான் முதலியன விற்று இல்லறம் நடத்தினார். பிறந்த ஐந்து குழந்தைகளுள் நால்வர் பச்சிளம் பருவத்திலேயே இறந்தனர். மரியா என்னும் மகள் ஒருத்தியே எஞ்சினாள். 1660 இல் நகர மன்றத்தில் சிறு பணி ஒன்று கிடைத்தது. மன்ற நடுவர்கள் கூடும் அறையைத் திறந்து வைத்தலும், தூய்மையாகக் காத்தலும், குளிர்காலத்தில் கணப்பு மூட்டுதலும் அப்பணியின் கடமைகள். 1666 இல் மனைவியும் காலமானார். முப்பத்து மூன்றாம் வயதில், ஒரே மகளுடன் தனித்து நின்ற அவ்வணிகரைக் கண்டோர், இவரால் உலகிற்கு ஒரு புதிய கண் திறக்கப் போகிறது என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

இத்தகைய துயரங்களுக்குப் பின் மனம் தளர்ந்து, நாள்களைக் கடத்தினாற் போதும் என்றிருப்பது உலகியல்பு. லீவன்ஹூக் அவ்வாறு இருந்தாரல்லர். 1669 இல், முப்பத்தாறாம் வயதில், நில அளவைத் தேர்வு எழுதி நில அளவராகத் தகுதி பெற்றார். அத்தேர்வுக்குக் கணிதம் வேண்டும். பகலில் கடையும் மன்றப் பணியும் பார்த்த ஒருவர், நடுவயதை நெருங்கும் காலத்தில் புதிதாகக் கணிதம் பயின்று தேறினார் என்பது எண்ணத்தக்கது. அக்கணிதம் பின்னாளில் வீண்போகவில்லை. கண்ணுக்குப் புலனாகாத பொருள்களின் அளவைக் கணக்கிட்டுக் கூறுவதற்கு அதுவே அவருக்குத் துணை நின்றது. 1671 இல் மறுமணம் செய்துகொண்டார்.

இக்காலத்தை ஒட்டியே அவர் தம் கையால் கண்ணாடி வில்லைகள் செய்யலானார். அவருடைய நுண்ணோக்கி, இன்று நம் பிள்ளைகள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் காணும் நீண்ட குழலுடைய கருவி போன்றதன்று. கட்டைவிரல் அளவினதாகிய இரண்டு மெல்லிய பித்தளைத் தகடுகள். அவற்றினிடையே சிறு துளையில் பதிக்கப்பட்ட மிகச் சிறிய ஒற்றை வில்லை. அதன் பின்புறம் ஓர் ஊசிமுனை. அம்முனையை முன்னும் பின்னும் நகர்த்தத் திருகாணிகள். காண வேண்டிய பொருளை ஊசிமுனையில் வைத்து, கருவியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, ஒளியை நோக்கிப் பார்த்தல் வேண்டும். அக்காலத்தில் பல வில்லைகளை அடுக்கிச் செய்த பெரிய நுண்ணோக்கிகளும் இருந்தன. ஆயினும் அவற்றில் உருவங்கள் மங்கிக் குழம்பித் தோன்றின. லீவன்ஹூக்கின் ஒற்றை வில்லைக் கருவிகளோ தெளிவில் அவற்றை விஞ்சின. இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகச் சிறந்தது 250 மடங்குக்கு மேல் உருப்பெருக்கிக் காட்டுவது.

டெல்ஃப்டில் வாழ்ந்த ரெய்னியர் டி கிராஃப் என்னும் இளம் மருத்துவர் அவர் திறத்தை அறிந்தார். இலண்டனில் 1660 இல் நிறுவப்பட்ட ராயல் சொசைட்டி என்னும் அறிஞர் கழகத்திற்கு 1673 ஏப்ரலில் அவர் ஒரு பரிந்துரை மடல் எழுதினார். அவ்வேளையில் இங்கிலாந்தும் நெதர்லாந்தும் ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்தன. பகை நாட்டு வணிகர் ஒருவர் எழுதிய குறிப்புகளை அக்கழகம் ஒதுக்கித் தள்ளவில்லை. தன் இதழில் வெளியிட்டது. அப்பொழுது லீவன்ஹூக்கிற்கு வயது நாற்பது. பூஞ்சை, தேனீயின் கொடுக்கு, பேன் ஆகியவற்றைப் பற்றியதே அம்முதற் குறிப்பு. பரிந்துரைத்த டி கிராஃப் சில திங்களுக்குள், முப்பத்திரண்டு வயதிலேயே இறந்துவிட்டார். அவர் திறந்துவைத்த வாயில் மட்டும் அடுத்த ஐம்பது ஆண்டுகள் மூடப்படாமல் நின்றது.

இலத்தீனும் ஆங்கிலமும் அறியாத லீவன்ஹூக், தமக்குத் தெரிந்த டச்சு மொழியில், அண்டை வீட்டாரிடம் உரையாடுவது போன்ற எளிய நடையில் கடிதங்கள் எழுதினார். இலண்டனில் அவற்றை மொழிபெயர்த்துக் கொண்டனர். படம் வரையும் திறம் தமக்கில்லை என்பதை உணர்ந்து, ஓவியர்களை அமர்த்தி வரைவித்தார். தம்மிடம் இல்லாதவற்றைக் காரணங்காட்டி அவர் ஒதுங்கவில்லை. உள்ளவற்றைக் கொண்டு தொடங்கினார்.

1674 ஆம் ஆண்டு கோடையில், டெல்ஃப்டுக்கு அருகிலிருந்த ஏரி ஒன்றின் நீரைச் சிறு கண்ணாடிக் குப்பியில் எடுத்துவந்தார். கோடையில் அந்நீர் வெண்மை படர்ந்து, பசுமையான படலங்கள் மிதக்கத் தோன்றும். பனி பெய்வதால் அவ்வாறு ஆகிறது என்பது அப்பகுதி மக்களின் எண்ணம். மறுநாள் அந்நீரை நோக்கியபோது, சுருள் சுருளாக அமைந்த பச்சை இழைகளையும், அவற்றினூடே மேலும் கீழும் விரைந்து திரியும் மிகச் சிறிய உயிர்களையும் கண்டார். மனிதக் கண் அதுவரையில் கண்டிராத உலகம் ஒரு துளி நீரில் விரிந்தது.

இரண்டாண்டுகள் கழித்து அதனினும் வியப்பான ஒன்று நேர்ந்தது. மிளகு காரமாக இருப்பதன் காரணம் யாதென அறிய விரும்பி, அவர் மிளகை நீரில் ஊற வைத்தார். மூன்று வாரங்கள் சென்றபின் அந்நீரை நோக்க, முன்பு கண்டவற்றினும் மிகமிகச் சிறிய உயிர்கள் எண்ணிறந்தனவாக நெளிவதைக் கண்டார். அவற்றுள் இன்று நாம் பாக்டீரியா என்று கூறுவனவும் இருந்தன. மழை நீர், கிணற்று நீர், கடல் நீர் எனப் பலவற்றையும் ஆராய்ந்து, 1676 அக்டோபர் 9 ஆம் நாளிட்ட நீண்ட கடிதத்தில் இவற்றையெல்லாம் விவரித்தார். மணல் துகளையும் தலைமயிரின் பருமனையும் அளவுகோலாகக் கொண்டு அவ்வுயிர்களின் சிறுமையைக் கணக்கிட்டுக் காட்டினார். நில அளவைக் கணிதம் இங்கே நீர்த்துளியை அளக்கப் பயன்பட்டது.

நீரிலும் காற்றிலும் நிலத்திலும் உயிர்கள் செறிந்துள்ளன என்னும் நெறியில் வளர்ந்த நமக்கு, இச்செய்தி பிறருக்குத் தோன்றும் அளவு வியப்பாகத் தோன்றாது. வடிகட்டிய நீரையே பருகும் வழக்கம் சாவகர் இல்லங்களில் தொன்றுதொட்டு வருவது. எனினும் இங்கே உண்மையை மிகைப்படுத்தாமல் உணர்தல் நன்று. ஆகமங்கள் உயிர்களைப் பொறியுணர்வின் அடிப்படையில் ஓரறிவு முதலாக வகுத்துரைக்கின்றன. லீவன்ஹூக் அதனை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ கருவி எடுத்தாரல்லர். தம் கண் கண்ட உருவத்தையும் அசைவையும் மட்டுமே எழுதினார். இரண்டும் வெவ்வேறு வழிகள். அவர் கண்ட உயிர்களுட் பல, நாம் நீர் வடிகட்டும் துணியில் தங்காத அளவு நுண்ணியவை. மேலும், பூச்சிகளையும் பிற சிற்றுயிர்களையும் அறுத்து ஆராய்ந்த அவர்தம் முறை, கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நமக்கு ஏற்புடையதன்று. இவ்வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாததனாலேயே ஓர் உயிர் இல்லாததாகிவிடாது என்பதை ஐரோப்பிய உலகம் தன் கண்ணால் கண்டுகொள்ளச் செய்தவர் இவர் என்னும் அளவில், இவர் வாழ்க்கை நம் சிந்தைக்கு மிக அண்மையில் நிற்கிறது.

அக்கடிதத்தைக் கண்ட இலண்டன் அறிஞர்கள் எளிதில் நம்பவில்லை. ஒரு துளி நீரில் இத்துணை உயிர்கள் வாழ்கின்றன என்பதைத் துணி வணிகர் ஒருவரின் சொல்லை மட்டும் கொண்டு எவ்வாறு ஏற்பது? வேறு எவரும் அதனைக் காணவுமில்லை. அவருடைய நன்மதிப்பு முழுவதும் கேள்விக்குள்ளாகிய நேரம் அது. லீவன்ஹூக் சினம் கொள்ளவில்லை. கடிதம் எழுதுவதை நிறுத்தவுமில்லை. ஊரில் மதிப்புடைய எண்மரை வருவித்துத் தம் கருவியின் வழியே காணச் செய்தார். சமயப் போதகர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் கையொப்பமிட்டுத் தந்த சான்றுகளை 1677 இல் இலண்டனுக்கு அனுப்பினார். அங்கே இராபர்ட் ஹூக் என்னும் புகழ்பெற்ற அறிஞர் தாமே மிளகு நீர் ஆயத்தம் செய்து முயன்றார். முதன்முயற்சிகள் பயனளிக்கவில்லை. இறுதியில் அவ்வாண்டு நவம்பரில், கழகத்தார் பலர் முன்னிலையில் அச்சிற்றுயிர்கள் காணப்பட்டன. லீவன்ஹூக்கின் சொல் மெய்யென நிறுவப்பட்டது. 1680 இல், நாற்பத்தேழாம் வயதில், அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அக்கழகக் கூட்டத்தில் ஒருமுறையேனும் அவர் கலந்துகொண்டதில்லை.

புகழ் வந்தபின் அவர் தம் ஊர்ப் பணிகளைத் துறக்கவில்லை. மன்ற அறையின் பொறுப்பைப் பல்லாண்டுகள் வகித்தார். 1676 இல், கடன்பட்டு இறந்த ஓவியர் வெர்மீரின் சொத்துகளை மேற்பார்க்கும் பொறுப்பை நகரம் இவரிடம் ஒப்படைத்தது. 1679 இல் மதுப் பீப்பாய்களின் கொள்ளளவை அளக்கும் அலுவலராகவும் அமர்த்தப்பெற்றார். பிழைப்புக்கு ஒரு தொழில், உள்ளத்துக்கு ஒரு தேட்டம் என இரண்டையும் அவர் ஒருங்கே நடத்தினார். ஆய்வுக்கென அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் ஊதியம் தரவில்லை.

1674 முதலே குருதியில் மிதக்கும் சிவப்பணுக்களை அவர் விவரித்து வந்தார். ஐம்பதாம் வயதில், 1683 இல், பல்லிடுக்கில் படியும் அழுக்கை நோக்கி, மனிதர் வாயிலும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்வதை அறிவித்தார். 1688 இல், ஐம்பத்தைந்தாம் வயதில், தலைப்பிரட்டையின் வாலில் குருதி மிக நுண்ணிய குழாய்களின் வழியே ஓடுவதைக் கண்டு எழுதினார். களஞ்சியத்துத் தானியத்தில் வண்டுகள் தாமாகவே தோன்றுகின்றன என்று அக்காலத்தோர் பலர் நம்பினர். தாய் வண்டு இடும் முட்டையிலிருந்தே அவை பிறக்கின்றன என்பதை அவர் காட்டினார். அறுபத்தைந்தாம் வயதில், 1698 இல், உருசிய நாட்டுப் பேரரசர் பீட்டர் டெல்ஃப்டுக்கு வந்தபோது இவரைத் தம் படகிற்கு அழைத்து, விலாங்கு மீனின் வாலில் குருதி ஓடும் காட்சியைக் கண்டு மகிழ்ந்தார். 1716 இல், எண்பத்து மூன்றாம் வயதில், லூவென் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வெள்ளிப் பதக்கம் அனுப்பிப் பெருமை செய்தனர். இலத்தீன் அறியாதவரைக் கற்றோர் அவை தேடிவந்து போற்றியது.

இவரிடம் குறையே இல்லை என்று நாம் கூற வரவில்லை. தம் சிறந்த வில்லைகளைச் செய்யும் முறையையும், மிக நுண்ணிய உயிர்களைக் காணும் முறையையும் அவர் எவருக்கும் வெளியிடவில்லை. காண வந்தோருக்குத் தரமான கருவிகளைக் காட்டினாரேனும், மிகச் சிறந்தவற்றைத் தமக்கென்றே வைத்துக்கொண்டார். இளைஞர்களுக்கு இக்கலையைப் பயிற்றுவிக்குமாறு செருமானிய அறிஞர் லைப்னிட்ஸ் தூண்டியபோதும் அவர் இணங்கவில்லை. அதனால் நேர்ந்த இழப்புப் பெரிது. அவர் மறைவுக்குப் பின் நுண்ணுயிர் ஆய்வு நெடுங்காலம் தளர்ந்து கிடந்தது. நுண்ணுயிர்களுக்கும் நோய்களுக்கும் உள்ள தொடர்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஸ்டர், கோக் ஆகியோர் காலத்தில்தான் தெளிவாக நிறுவப்பட்டது. அவர் மறைத்த முறையின் ஒரு பகுதி 2021 இல்தான் வெளியாயிற்று. எஞ்சிய நுண்ணோக்கியைப் பிரிக்காமலேயே நியூட்ரான் கதிர்களால் ஊடுருவி நோக்கியபோது, கண்ணாடி இழையை உருக்கிச் செய்த சிறு உருண்டையே அவருடைய மிகச் சிறந்த வில்லை என்று தெரிந்தது. அம்முறையை அவர் வாழ்நாளிலேயே, 1678 இல், இராபர்ட் ஹூக் நூலில் வெளியிட்டிருந்தார். ஒருவர் கட்டிக் காத்த மறைபொருள், மற்றொருவர் ஏற்கெனவே வாரி வழங்கிய பொருளாக இருந்தது. கற்ற கலையைப் பூட்டி வைப்பதன் பயனின்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முதுமையில் அவர் தனித்து விடப்படவில்லை. திருமணம் செய்துகொள்ளாத மகள் மரியா தந்தையை இறுதி வரையில் பேணினார். 1694 இல் இரண்டாம் மனைவியும் காலமானபின், அவ்வில்லத்தின் ஒழுங்கு முழுவதும் மரியாவின் கையில் நின்றது. தந்தை ஐம்பது ஆண்டுகள் தடையின்றி நோக்கவும் எழுதவும் முடிந்தது என்றால், அதில் அம்மகளின் பங்கு சிறிதன்று. வரலாறு ஒருவர் பெயரைப் பொறிக்கும்போது, அவருக்கு வேளைக்கு உணவிட்டு விளக்கேற்றி வைத்தவர் பெயரை மறந்துவிடுவது வழக்கம். நாமேனும் மறவாதிருப்போம்.

இறுதி நோயிலும் அவருடைய நோக்கும் பழக்கம் நீங்கவில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத் தசை தன் வயமின்றித் துடித்து மூச்சுத் திணறச் செய்யும் அரிய நோய் ஒன்று அவரைப் பற்றியது. தம் துன்பத்தையே ஆராய்ந்து, அதன் குறிகளை விவரித்துக் கடிதம் எழுதினார். இன்றும் அந்நோய்க்கு மருத்துவ நூல்களில் அவர் பெயரே வழங்குகிறது. 1723 ஆகஸ்டு 26 ஆம் நாள், தொண்ணூற்றோராம் வயது நிறைவதற்கு இரண்டு திங்கள் இருக்கையில், அவர் இயற்கை எய்தினார். ராயல் சொசைட்டிக்கு மட்டும் ஏறக்குறைய 190 கடிதங்கள் எழுதியிருந்தார். அவர் விருப்பப்படி, வெள்ளியாலான 26 நுண்ணோக்கிகள் அடங்கிய பேழையை மரியா அக்கழகத்திற்கு அனுப்பினார். அவை பின்னாளில் காணாமற் போயின. கடிதங்கள் நிலைத்து நிற்கின்றன.

இவ்வாழ்க்கையை எண்ணிப் பார்க்குங்கால் நமக்குத் தோன்றுவது ஒன்று. லீவன்ஹூக் நாற்பதாம் வயதில் வேறொரு மனிதராக மாறிவிடவில்லை. இழை எண்ணிய கண்ணும், கணக்கெழுதிய கையும், நில அளவைக் கணிதமும், நாள் தவறாத மன்றப் பணியின் ஒழுங்கும், அதுவரை தனித்தனியே கிடந்தவை, ஒரு நோக்கத்தில் வந்து கூடின. வீணானவை என்று நாம் கருதும் ஆண்டுகள் பல, உண்மையில் ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஆண்டுகளே.

நம் சமூகத்தார் பெரும்பாலும் உழவிலும், ஆசிரியப் பணியிலும், வணிகத்திலும், அரசு அலுவலிலும் வாழ்நாளைச் செலவிட்டவர்கள். ஓய்வு பெற்றபின் எஞ்சும் ஆண்டுகளுக்கு நம் ஊர்களிலேயே பணிகள் காத்துக் கிடக்கின்றன. பல இல்லங்களில் ஏட்டுச் சுவடிகள் பெயர்த்தெழுதுவாரின்றிச் செல்லரிக்கின்றன. ஜினாலயச் சுவர்களிலும் குன்றுகளிலும் உள்ள கல்வெட்டுகளைப் படிக்கத் தெரிந்தோர் நம்மில் மிகச் சிலரே. கிரந்த எழுத்தை அறுபது வயதில் கற்கலாகாது என்று எந்த நூலும் தடுக்கவில்லை. நிலக் கணக்கெழுதிய கை, சுவடியைப் படியெடுக்கவும் வல்லது. பள்ளியில் பாடம் நடத்திய குரல், நம் சிறார்க்கு நன்னெறி நூல்களை விளக்கவும் வல்லது. அவ்வாறு கற்பதையும் செய்வதையும் லீவன்ஹூக்கைப் போலப் பூட்டி வைக்காமல், அடுத்த தலைமுறைக்கு அவ்வப்போதே கையளித்துவிடுதல் வேண்டும்.

வயது கடந்துவிட்டதே என வருந்தும் அன்பர்கள், டெல்ஃப்ட் நகரத்து ஜவுளிக்கடைக்காரரை ஒருகணம் நினைவிற் கொள்வாராக. அவர் முதற் கடிதம் எழுதிய வயதை நம்மில் பலர் அடைந்துவிட்டோம் என்பது உண்மையே. அதன்பின் அவருக்கு ஐம்பது ஆண்டுப் பணி இருந்தது என்பதும் உண்மையே.